முட்டுக்காரர் இருக்கும் வீட்டுக்கு எயார் பியூரிபையர்: கடைக்குப் போக முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, உள்ள ஒருவர் இருந்தால், அதுவும் சின்னப் பிள்ளை என்றால், எயார் பியூரிபையர் வாங்குவோமா என்ற கதை எப்படியும் ஒருநாள் வரும். கட்டாரில் இருக்கிற மச்சான் வரும்போது கொண்டு வரவா என்று கேட்பார், இல்லாவிட்டால் போனைத் திறந்தவுடன் விளம்பரம் வந்து நிற்கும். விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தைத் தாண்டிப் போகிறது, ஆனால் எல்லாப் பெட்டியிலும் எழுதியிருப்பது ஏறக்குறைய ஒரே வசனங்கள்தான். எதை நம்புவது என்று தெரியாமல் கடைக்காரர் காட்டுவதை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

இந்த மெசினைப் பெரிதாக நினைக்கத் தேவையில்லை. உள்ளே ஒரு பேன், அதற்கு முன்னால் ஒரு பில்டர், அவ்வளவுதான். ஒரு மூடிய அறைக்குள் காற்றில் மிதக்கிற புகைத்துகள், நுண்தூசி, மகரந்தம், பூஞ்சண வித்து இவற்றைக் குறைக்கும். முட்டு வருத்தத்தைக் குணமாக்காது. கிளினிக்கில் தினமும் இழுக்கச் சொல்லித் தந்த தடுப்பு இன்ஹேலரை, மெசின் வந்துவிட்டது என்று நிறுத்தினால் வருத்தம் கூடத்தான் செய்யும். இதை ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் தொடர்ந்து வாசியுங்கள்.

முதலில் புகையை நிறுத்துங்கள்

காசு செலவில்லாத படி இது, அதனாலோ என்னவோ எல்லோரும் தாண்டிப் போகிற படியும் இதுதான்.

நம் வீடுகளில் முதல் குற்றவாளி நுளம்புத்திரி. ஒரு திரி முழுதாக எரிந்தால் அதிலிருந்து வரும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. கட்டிலுக்குக் கீழே திரியைக் கொளுத்தி வைத்துவிட்டு மேசையில் பியூரிபையரை ஓட விடுவதில் எந்த அர்த்தமும் இல்லை. டெங்கு உள்ள ஊர், நுளம்பை விடவும் முடியாது, உண்மைதான். அதற்குப் பழைய நுளம்பு வலையே போதும், யன்னலுக்குக் கம்பி வலை அடித்தால் இன்னும் நல்லது. கரண்டில் செருகுகிற திரவ மருந்தில் புகை இல்லை, ஆனாலும் அதன் வாசமே சிலருக்கு இருமலைக் கிளப்பும், ஆளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது சாம்பிராணி, ஊதுபத்தி, அரபு வாசனைப் புகையான பக்கூர். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை விடச் சொல்லி ஒரு வீட்டுக்கும் நான் போய்ச் சொல்லமாட்டேன், சொன்னாலும் அம்மம்மா கேட்கப் போவதில்லை. முட்டுக்காரர் படுக்கிற அறைக்குள் மட்டும் புகை காட்டாதீர்கள், மற்ற நேரம் வாசல் கதவைத் திறந்து வைத்துக் காட்டுங்கள். விறகடுப்பு வீட்டோடு ஒட்டியிருந்தால் புகைக்கூடு சரியாக இழுக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், சமைக்கும் நேரம் குசினிக்கும் படுக்கையறைக்கும் இடையிலான கதவு சாத்தியிருக்கட்டும். வளவுக் குப்பை எரிப்பது, வீட்டுக்குள் சிகரெட் குடிப்பது பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம் படுக்கை. முட்டு வருத்தத்தைக் கிளப்புகிற தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது, மெத்தைக்குள்ளும் தலையணைக்குள்ளும் தான் குடியிருக்கும், ஈரப்பதம் கூடிய நம்முடைய கரையோரக் காற்று அதற்கு நல்ல வாய்ப்பு. அதன் கழிவுத் துகள் கொஞ்சம் பாரமானது, கிளப்பிவிட்டால் கொஞ்ச நேரம் பறந்துவிட்டுக் கீழே படிந்துவிடும், பியூரிபையரின் வாய்வரை வந்து சேராது. ஆகவே இதற்கு மெசின் மருந்தில்லை. பழைய தும்பு மெத்தை, இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் சிப் வைத்த இறுக்கமான உறை போடுங்கள், பெட்சீட்டையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை அளவு சூடான தண்ணீரில் ஊறவைத்துக் கழுவிக் கடும் வெயிலில் காயப் போடுங்கள். தும்புத்தடியால் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள், சீலிங் பேனின் இறக்கையையும் மறக்க வேண்டாம். பெருக்கும் நேரம் முட்டுக்காரர் வெளியே நிற்கட்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் வெளியிலிருந்து வருகிற புகை மிச்சம் இருக்கும். சிறுபோக வெட்டு முடிந்து மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வயல்களில் வைக்கோலுக்கு நெருப்பு வைத்தால், மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று அதை அப்படியே கடற்கரைப் பக்கத்து எழுவான்கரைக்குக் கொண்டு வரும். சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் அரிசி ஆலைக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு உமித்தூசி. மருதமுனையில் தறியோடு இருக்கிற வீடுகளில் நூல்தூசி. வாடைக்காலத்தில் கடல் தாண்டி வருகிற மாசும் உண்டு, 2022 டிசம்பரில் காற்று அப்படிக் கெட்டபோது நாடு முழுவதும் ஒருநாள் பாடசாலைகளையே மூடினார்களே. வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் பிடிக்கிற பூஞ்சணம் இன்னொரு பக்கம், அதைச் சுவரிலிருந்து சுரண்டிக் கழுவிக் காயவிட வேண்டும், மெசின் அதன் வித்தை மட்டும்தான் பிடிக்கும். இப்படிப் புகையும் தூசியும் உள்ள வீடுகளுக்குத்தான் பியூரிபையர் உண்மையில் உதவும்.

எந்த அறை? அதை மூட முடியுமா?

வீடு முழுவதற்கும் ஒன்று என்று யோசிக்காதீர்கள். முட்டுக்காரர் படுக்கிற அறை, அது ஒன்றுதான். ஒரு நாளில் எட்டு மணித்தியாலம் அங்கேதான் கிடக்கிறார், முட்டு வருவதும் பெரும்பாலும் இரவிலும் விடியப்புறத்திலும்தான்.

இப்போது அந்த அறைக்குள் நின்று மேலே பாருங்கள். சீலிங் அடிக்காத ஓட்டு வீடா? சுவருக்கும் கூரைக்கும் இடையில் கை போகிற அளவு நீக்கல் இருக்கிறதா? யன்னலுக்கு மேலே காற்றுப் போக ஓட்டை உள்ள பூக்கல் வைத்திருக்கிறதா? அப்படியென்றால் நீங்கள் சுத்தப்படுத்துகிற காற்று ஒரு பக்கத்தால் போக, புகைக்காற்று மற்றப் பக்கத்தால் வந்துகொண்டே இருக்கும். முதலில் சீலிங் அடிக்கிற செலவைப் பாருங்கள், அல்லது பூக்கல்லையும் நீக்கலையும் தடித்த பொலித்தீனால் அடைத்துப் பாருங்கள். இரண்டும் முடியாது என்றால் என்னுடைய அபிப்பிராயம், மெசினுக்குக் காசு போட வேண்டாம், அந்தக் காசுக்கு மெத்தை உறையும் யன்னல் வலையும் வாங்குங்கள்.

ஏ.சி உள்ள அறை என்றால் பிரச்சினையே இல்லை. சாதாரண சுவர் ஏ.சி அறைக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது, வெளிக்காற்றை இழுப்பதில்லை, கூடவே ஈரப்பதத்தையும் குறைக்கிறது, பியூரிபையர் மிக நன்றாக வேலை செய்கிற இடம் அதுதான். ஏ.சி இல்லாத வீட்டில் மே, ஜூனில் கச்சான் அடிக்கும்போது யன்னலைச் சாத்திக்கொண்டு படு என்றால் யார் கேட்பார்கள்? வெக்கையில் பிள்ளை நித்திரை கொள்ளாது. அப்படிப்பட்ட வீட்டில் புகை உள்ள நாட்களில் மட்டும் சாத்துங்கள், சீலிங் பேன் ஓடட்டும், மெசினைக் கூட்டி விடுங்கள். மற்ற நாட்களில் கடல் காற்று நன்றாக வந்தால் யன்னலைத் திறந்து விடுவதே மேல். சாத்திப் படுத்த இரவென்றால் விடிந்ததும் கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் திறந்து விட வேண்டும், மெசின் புதுக் காற்றை உண்டாக்குவதில்லை.

அறையை அளந்து ஏழால் பிரியுங்கள்

ஒரு மெசின் எவ்வளவு சுத்தமான காற்றைத் தருகிறது என்பதற்குப் பெட்டியில் சி.ஏ.டி.ஆர் என்று ஓர் இலக்கம் இருக்கும், மணித்தியாலத்துக்கு இத்தனை கன மீற்றர் என்று. இந்த இலக்கம் பெட்டியிலும் இல்லை, தயாரிப்பாளரின் இணையத்தளத்திலும் இல்லை என்றால் அந்த மெசினைக் கீழே வைத்துவிடுங்கள்.

முட்டுக்காரர் அறையில் காற்று மணித்தியாலத்துக்கு ஐந்து தரமாவது பில்டருக்குள்ளால் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சுருக்கு வழி: அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள், வருவதை 7-ஆல் பிரியுங்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரம் என்றால் 1080 கன அடி, 7-ஆல் பிரித்தால் ஏறக்குறைய 154. ஆகக் குறைந்தது 154 சி.ஏ.டி.ஆர் வேண்டும். அமெரிக்கப் பெட்டிகளில் இதே இலக்கம் சி.எப்.எம், அதாவது நிமிடத்துக்கு இத்தனை கன அடி, என்ற அளவில் இருக்கும், அப்போது 7-க்குப் பதில் 12-ஆல் பிரியுங்கள், இதே அறைக்கு 90 வரும். இரண்டையும் குழப்பினால் மெசின் சின்னதாகவோ தேவைக்கு மேல் பெரிதாகவோ போய்விடும், ஒரு சி.எப்.எம் என்பது மணித்தியாலத்துக்கு 1.7 கன மீற்றர்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பெட்டியில் போட்டிருக்கிற சி.ஏ.டி.ஆர், மெசின் உச்ச வேகத்தில் ஓடும்போது வருகிற அளவு. உச்ச வேகத்தில் அது இரைகிற இரைச்சலுக்கு ஒருவரும் நித்திரை கொள்ள முடியாது, ஆகவே இரவில் எல்லோரும் ‘ஸ்லீப்’ என்ற சத்தமில்லாத வேகத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்த வேகத்தில் காற்று பாதிக்கும் கீழே இறங்கிவிடும், சிலதில் கால்வாசி கூட வராது. அதனால் 154 தேவை என்றால் 300 அளவில் உள்ள மெசினை வாங்கி நடு வேகத்தில் ஓட விடுங்கள். ‘500 சதுர அடிக்குப் போதும்’ என்று பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், மணித்தியாலத்துக்கு ஒன்று இரண்டு தரம் மட்டும் காற்று சுற்றினால் போதும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள்.

கையடக்கமான, யு.எஸ்.பி வயரில் ஓடுகிற குட்டி மெசின்கள் மேசை அலங்காரம். காருக்குள் வைக்கிறதும் அதே இனம்தான்.

ஹெப்பா சரி, ஓசோன் கூடாது

பில்டர் ஹெப்பா வகையாக இருக்க வேண்டும். அமெரிக்க அளவுகோலில் 0.3 மைக்ரோன் துகளில் 99.97 வீதம் பிடிப்பது, ஐரோப்பிய அளவுகோலில் எச் 13 என்றால் பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகளிலேயே 99.95 வீதம். ‘ஹெப்பா டைப்’, ‘ஹெப்பா லைக்’ என்று வால் ஒட்டியிருந்தால் அது எந்த அளவுகோலுக்கும் கட்டுப்பட்டதல்ல. அதேநேரம் எச் 13-ஐ விட எச் 14 நல்லதா என்று மண்டையை உடைக்கவும் தேவையில்லை. பில்டரைச் சுற்றி ரப்பர் விளிம்பு இறுக்கமாக இருக்கிறதா, சி.ஏ.டி.ஆர் போதுமா, இந்த இரண்டும் அதைவிட முக்கியம்.

பாதுகாப்பு என்று பார்த்தால் உயிர்நாடியான விஷயம் ஓசோன். மேல் வானத்தில் இருக்கும்வரை அது நமக்குக் காவல், மூக்குக்குள் போனால் சுவாசக் குழாயை எரிச்சலூட்டி முட்டு வருத்தத்தை வரவழைக்கும். காற்றைச் சுத்தமாக்கவென்று வாங்கிய மெசினே அதை வெளியே விட்டால் என்ன செய்வது? அயனைசர், நெகட்டிவ் அயன், பிளாஸ்மா, எலக்ட்ரோஸ்டேட்டிக், சில வகை யு.வி விளக்கு என்று எழுதியிருக்கிற மெசின்களில் இந்தச் சந்தேகம் உண்டு. ‘ஓசோன் ஜெனரேட்டர்’, ‘அக்டிவ் ஒக்சிஜன்’ என்று வெளிப்படையாகவே விற்கிறதும் உண்டு, முட்டுக்காரர் வீட்டு வாசல்படியையே அது மிதிக்கக் கூடாது. அயன் தூசியைச் சுவரிலும் கட்டிலிலும் ஒட்ட வைக்கிறதே தவிர வெளியே எடுப்பதில்லை.

எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் 2010-இலிருந்து, வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் மெசினிலிருந்து வரும் ஓசோன் 0.050 பி.பி.எம்-ஐத் (பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குதான் ஒரு பி.பி.எம்) தாண்டினால் விற்கவே விடுவதில்லை, தேறிய மெசின்களின் பட்டியலை கலிபோர்னியா எயார் ரிசோர்சஸ் போர்ட் இணையத்தில் வைத்திருக்கிறது. மொடல் இலக்கத்தை அதில் தேடிப் பாருங்கள். யு.எல் 2998 என்ற முத்திரை இருந்தால் அதைவிட இறுக்கம், 0.005 பி.பி.எம்-க்குள். நமக்கு வருகிற பல மொடல்கள் இந்தப் பட்டியலில் இருக்காது, அப்போது ஒரே வழி, பேனும் பில்டரும் தவிர வேறு எந்த வித்தையும் இல்லாததாகப் பார்த்து வாங்குவது. அயன் பொத்தான் உள்ளதுதான் கிடைக்கிறது என்றால் அதை அணைத்து வைக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிளக்கைக் கழற்றி மீண்டும் செருகிய பிறகும் அது அணைந்தபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள், கரண்ட் போய் வந்தவுடன் தானாக ஒன் ஆகிவிடுகிற மெசின்கள் இருக்கின்றன.

கார்பன் பில்டர் வாசத்துக்கும் வாயுவுக்கும். மெல்லிய கறுப்புத் துணி போல இருப்பதால் பெரிய பலன் இல்லை, இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

ஹியூமிடிபையரும் சேர்ந்தது என்றால் நிச்சயம் வேண்டாம். குளிர்நாட்டில் காய்ந்த காற்றுக்குத்தான் அது, இங்கே நவம்பர் தொடக்கம் சுவரே வியர்க்கிறது, அதற்குள் இன்னும் ஈரத்தை ஊதினால் பூஞ்சணத்துக்கும் தூசிப்பூச்சிக்கும்தான் விருந்து. தண்ணீர் ஊற்றுகிற ‘எயார் கூலர்’ காற்றையும் சுத்தமாக்கும் என்று சொன்னால் அதற்கும் இதே பதில். வாசனை எண்ணெய் விடுகிற தட்டு உள்ளதைத் தவிருங்கள், அப்படி ஒன்று இருந்தாலும் காலியாகவே கிடக்கட்டும். போன் அப், வைபை எல்லாம் உங்கள் விருப்பம்.

கரண்டும் பிளக்கும்

வெளிநாட்டிலிருந்து வருகிறதென்றால் எந்த நாடு என்று கேளுங்கள். கட்டார், துபாய், லண்டன் சாமான் நம்முடைய 230 வோல்ட்டுக்கும் சதுரக் கால் பிளக்குக்கும் அப்படியே பொருந்தும். சுவிஸ், பிரான்ஸ் என்றால் வோல்ட் சரி, பிளக்குக்கு அடப்டர் வேண்டும். கனடாவிலிருந்து மாமா அனுப்புகிறது 120 வோல்ட், ஜப்பான் சாமான் 100 வோல்ட், நேரே செருகினால் அன்றைக்கே புகை கக்கும்.

நடுத்தர மெசின் ஒன்று 40 வாட் இழுத்து நாள் முழுக்க ஓடினால் மாதம் 29 யூனிட் அளவு வரும். இரவில் மட்டும் பத்து மணித்தியாலம், 25 வாட்டில் ஓடினால் ஏழு, எட்டு யூனிட். நம் பில்லில் 60, 90, 120 என்று படி ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிறதால் ஏற்கெனவே படியின் விளிம்பில் நிற்கிற வீட்டுக்கு இது கொஞ்சம் உறைக்கும்.

பில்டர் கிடைக்குமா?

மெசினை வாங்க முன் பில்டரை விலை கேளுங்கள். பெரும்பாலானவற்றுக்கு ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் பில்டர் மாற்ற வேண்டும், புகை கூடிய இடத்தில் அதற்கும் முந்தி. டராஸ் இணையக் கடையில் அந்த மொடலின் பில்டர் இருக்கிறதா, கொழும்பிலிருந்தாவது எடுக்கலாமா என்று பாருங்கள். கிடைக்காது என்றால் மெசின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒரு வருடத்துக்குப் பிறகு அது வெறும் பேன். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கிறீர்கள் என்றால் மேலதிகமாக இரண்டு பில்டரும் சேர்த்துக் கொண்டு வரச் சொல்லுங்கள், பாரமில்லாத சாமான்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு

மூடியைக் கழற்றிப் பில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள், அதைச் சுற்றிப் பொலித்தீன் உறை இருக்கும். அதை உரிக்காமலே மாதக் கணக்கில் ஓட விடுகிற வீடுகள் உண்டு, மெசினும் சத்தம் போட்டுக்கொண்டு ஓடும், காற்றுத்தான் உள்ளே போகாது.

கட்டிலுக்குக் கிட்ட, சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி, திரைச்சீலை மறைக்காத இடத்தில் வையுங்கள். படுக்கப் போக ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே கதவு யன்னலைச் சாத்தி உச்ச வேகத்தில் விட்டு, படுக்கும்போது நடு வேகத்துக்கு இறக்குங்கள். ‘ஓட்டோ’ நல்லதுபோல் தெரியும், ஆனால் சென்சர் காற்று சுத்தம் என்று நினைத்தவுடன் பேனை ஏறக்குறைய நிறுத்திவிடும், முட்டுக்காரருக்குக் கையால் வேகம் வைப்பதே நல்லது. தொடு பொத்தான் உள்ள மெசின்களில் பல, கரண்ட் போய் வந்தால் அணைந்தே கிடக்கும், இரவில் எழும்பினால் ஒருக்கால் பாருங்கள்.

திரையில் பி.எம் 2.5 என்ற நுண்துகள் இலக்கம் காட்டுகிறதென்றால், 24 மணித்தியாலச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராம், இலங்கையின் 2008 ஒழுங்குவிதியில் இருப்பது 50. படுக்கையறையில் 15-க்குக் கீழே நின்றால் நல்லது. மழைநாளில் இலக்கம் காரணமில்லாமல் ஏறினால் பயப்படாதீர்கள், இந்தச் சின்ன சென்சர்கள் ஈரத்தையும் தூசி என்று எண்ணிவிடும்.

முதல் கிழமை மூக்கைக் கவனியுங்கள். புதுப் பிளாஸ்டிக் வாசம் ஓரிரு நாளில் போய்விடும். இடி மின்னலுக்குப் பிறகு வருகிற மாதிரி ஒரு கூர்மையான வாசம் தொடர்ந்து வந்தால், அல்லது மெசின் ஓடும்போதுதான் இருமல் கூடுகிறதென்றால், உடனே நிறுத்தித் திருப்பிக் கொடுங்கள். அதற்காகப் பெட்டியையும் பில்லையும் எறியாமல் வையுங்கள். மெசின் ஓடினாலும் ஓடாவிட்டாலும், வசனம் பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால், அல்லது முட்டை உடனே இறக்கத் தந்த நீல இன்ஹேலரை இழுத்தும் இறங்காவிட்டால், அறையைச் சுத்தப்படுத்திக்கொண்டு நிற்காமல் 1990-க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெளிப்பக்கத்து வலைப் பில்டரைக் கழுவி, முழுதாகக் காய்ந்த பிறகே திரும்பப் போடுங்கள், அரை ஈரத்தில் போட்டால் ஊத்தை மணம் பிடித்துவிடும். ஹெப்பாவைக் கழுவக் கூடாது, கழுவலாம் என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தாலொழிய. அதை மாற்றும் வேலை முட்டுக்காரருடையதல்ல. வேறொருவர் மாஸ்க் போட்டு, வெளியே முற்றத்தில் வைத்து, பழையதைக் கழற்றிய கையோடு பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, பிரதேச சபைக் குப்பை உழவு இயந்திரம் வரும்போது கொடுத்துவிடட்டும். வளவு மூலையில் போட்டு எரித்துவிட மட்டும் வேண்டாம்.